மழைக்குக் காத்திருக்கும் மல்லாட்டை

அணுபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மானாவாரி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செடி பழுத்த பிறகும் உடனே பிடுங்காமல், ஒரு மழை விழட்டும் என்று பொறுத்திருப்பார்கள். சோம்பல் என்று இதை ஒதுக்க முடியாது. திருக்கழுக்குன்றம் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் இறுகிவிடும். அப்போது இழுத்தால் செடி மட்டும் கையோடு வரும், விழுது அறுந்து காய் உள்ளேயே தங்கிவிடும். கொத்திப் பொறுக்க ஆள் வைத்தால் கூலிக்கே கட்டாது. ஒரு நல்ல மழை அந்தச் செலவை மிச்சமாக்குகிறது. சந்தைக்குப் போகும் காயைப் பொறுத்தவரை இது நியாயமான கணக்குத்தான்.

விதைக்கு ஒதுக்கும் காயில்தான் இந்தக் கணக்கு உதைக்கிறது. இன்று பரவலாக உள்ளவை 105 நாள் அளவில் முற்றும் கொத்து ரகங்கள். திண்டிவனத்திலிருந்து 1940இல் வந்த டி.எம்.வி 2 அவற்றில் பழையது. முன்பு போட்ட கொடி ரகங்களுக்கு வயது அதிகம், ஆனால் அவற்றின் விதை முற்றிய பிறகும் முளைக்காமல் வாரக்கணக்கில் உறங்கும். கொத்து ரகங்கள் பலவற்றுக்கு அந்த உறக்கம் கிடையாது. ஜூலை முதல் வாரம் விதைத்தால் அக்டோபர் நடுவில் முற்றும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக இறங்குவது அக்டோபர் 20ஐ ஒட்டி. மண்ணை இளக்கும் அதே மழை பருப்பையும் எழுப்பிவிடுகிறது.

முளைவிட்ட காயைப் பார்த்ததும் கழித்துவிடலாம். ஊறி, முளைக்காமல் மறுபடி காய்ந்ததுதான் ஏமாற்றும். மத்தியப் பிரதேசத்துச் சோயா விவசாயிகளுக்கு இது பழகிய தொல்லை: காய்ந்த செடியிலேயே நெற்று நனைந்து நனைந்து காயும்போது மெல்லிய தோல் சுருங்கி, உள்ளிருக்கும் கரு நலிகிறது. சான்று விதைக்கான முளைப்புத் திறன் நெல்லுக்கு 80 சதவீதம் என்றிருக்க, சோயாவுக்கும் நிலக்கடலைக்கும் 70 போதும் என்று விட்டிருப்பதே இவற்றின் மென்மையைச் சொல்லும். அந்த 70கூட ஈர மணலில், சீரான வெப்பத்தில் வருவது. மழைக்குப் பின் பொருக்குக் கட்டிய செம்மண்ணைப் பருத்த பருப்போடு முட்டித் திறப்பது வேறு வேலை; நலிந்த விதை பாதியிலேயே நின்றுவிடும்.

அதற்காக முந்திப் பிடுங்கினால் பருப்பு சுருங்கி, நாற்று சோனியாகும். நாளை எண்ணுவதும் நம்பத்தக்கதல்ல, வறட்சியில் முதிர்ச்சி தள்ளிப்போகும். அங்கங்கே சில செடிகளைப் பிடுங்கிக் காயை உடைத்து, பெரும்பாலானவற்றில் தோட்டின் உட்புறம் கறுத்திருக்கிறதா என்று பார்ப்பதே சரியான அளவுகோல். என் கணிப்பில், ஒரு வாரம் முந்துவதன் நட்டம் ஒரு மழைக்குப் பிந்துவதன் நட்டத்தைவிடக் குறைவு. சதுரங்கப்பட்டினம் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் மழையில்லாமலே செடி வந்துவிடும். அங்கே காத்திருக்கக் காரணமே இல்லை. செம்மண்காரர் விதைக்கு வேண்டிய சில சென்ட்டை மட்டுமாவது தண்ணீர் ஊற்றி முன்கூட்டிப் பிடுங்கலாம்.

அணுபுரம் குடியிருப்பு எந்தத் துறையுடையதோ, அதே அணுசக்தித் துறையின் டிராம்பே ஆய்வு மையம் உருவாக்கிய டி.ஜி 26 ரகத்துக்கு ஏறத்தாழ 3 வார உறக்கம் உண்டு. மழை நாலு நாள் பிடித்தால் அது தாங்கும். ஆனால் ஈரக் காயில் பூசணம் பிடிப்பதை உறக்கம் தடுக்காது.

இந்த வழிகளைவிட எளியது, மார்கழிப் பட்டத்து இறவைப் பயிரிலிருந்து விதை எடுப்பது. ஏப்ரலில் மழைத் தொல்லை குறைவு. சுடுவெயிலில் நேராகக் கொட்டாமல் உலர்த்தி, தோட்டோடு வைத்தால் ஜூலைக்குத் தாங்கும். பணமுடையில் அந்தக் காயையும் விற்றுவிட்டுக் கடையில் விதை வாங்குகிறவர்களுக்குக் கிடைப்பது மூட்டையில் தைத்த சீட்டு. முளைப்புச் சதவீதமும் சோதித்த தேதியும் அதில் இருக்கும். பிடுங்கும் முன் எத்தனை மழை குடித்தது என்பது இருக்காது.