ஆணி அடிக்கக் கூடாத சுவர்

ஆழ்வார்பேட்டையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் மூன்று விஷயங்கள் காதில் விழாமல் திரும்ப முடியாது. அட்வான்ஸ் இவ்வளவு, மெயின்டனன்ஸ் தனி, அப்புறம் "சுவத்துல மட்டும் ஆணி கீணி அடிச்சிடாதீங்க சார்." முதல் இரண்டிலும் கொஞ்சம் பேரம் பேசலாம். மூன்றாவதில் பேச்சுக்கே இடமில்லை. எல்டாம்ஸ் சாலை, சி.பி. ராமசாமி சாலை, செயின்ட் மேரீஸ் சாலை என்று இந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில் பல, ஒரு காலத்தில் தோட்டமும் துரவுமாகப் பங்களாக்கள் நின்ற மனைகளில் எழுந்தவை. சம்பளத்தில் பெரிய துண்டை வாடகையே விழுங்கிவிடும். வீட்டை அழகுபடுத்த மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பத்தைச் செலவழிக்கக் கிடைக்கும் சுவரும் இன்னொருத்தருடையது.

சிக்கனமாகச் சுவரை அலங்கரிப்பது பற்றி யோசனை சொல்கிறவர்கள் பொருளின் விலையைப் பார்க்கிறார்கள். வீடு காலி செய்யும் நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் கேட்பது ஒன்றைத்தான்: போடுகிற காசு சுவரோடு ஒட்டிக்கொள்கிறதா, கழற்றி எடுத்துக்கொண்டு போகக்கூடிய பொருளில் போகிறதா? அப்படிக் கேட்டுப் பார்த்தால், மலிவென்று பெயர் வாங்கிய பலவும் மலிவே அல்ல.

இன்று எங்கும் பரவியிருப்பது ஒட்டும் ரகம். பின்தாளை உரித்து ஒட்டுகிற பிவிசி வால்பேப்பர், செங்கல் அடுக்கியதுபோல் புடைத்திருக்கும் ஃபோம் ஷீட், மரமும் பறவையும் புத்தர் தலையுமாக வரும் ஸ்டிக்கர்கள். பத்தடி அகலம், ஒன்பதடி உயரம் உள்ள ஒரு சுவர் 90 சதுர அடி. 45 செ.மீ. அகலமும் 10 மீட்டர் நீளமும் உள்ள சுருள் ஏறக்குறைய 48 சதுர அடியை மூடும். பரப்பளவுக் கணக்கில் இரண்டு சுருள் போதும்; ஒட்டுப்போடாமல் முழு நீளப் பட்டைகளாக ஒட்டினால் மூன்றாவதும் வேண்டியிருக்கும். 70-க்கு 77 செ.மீ. ஃபோம் ஷீட் என்றால் பதினாறு வேண்டும். பெயிண்டரைத் தேடி அலைய வேண்டாம், பீரோவை நகர்த்த வேண்டாம், வாடை கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் அறையின் முகமே மாறிவிடும்.

இதைக் கேலி செய்வது சுலபம். போலிச் செங்கல், போலி மரம், போலி மார்பிள் என்று ரசனைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நாலு பேர் பகிர்ந்துகொள்ளும் ஹாஸ்டல் அறையில், கட்டிலை ஒட்டிய ஆறடிச் சுவரைத் தனக்கென்று ஆக்கிக்கொள்ள ஒரு பெண்ணுக்கு வேறு என்ன வழி இருக்கிறது? போலி என்பது என் கண்ணுக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் சரக்கு உலர்ந்த, வழவழப்பான, புதுச் சுவரை மனத்தில் வைத்துச் செய்தது. சென்னைச் சுவர் அப்படிப்பட்டதல்ல.

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் காற்றில் ஈரம் வற்றுவதே கிடையாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வெளிச்சுவரை ஊறவைக்கிறது. முப்பது, நாற்பது வருஷத்துக் கட்டடத்தில் மேல்வீட்டுக் குளியலறைக் கசிவு ஒரு பக்கம், தரையிலிருந்து ஏறும் ஓதம் ஒரு பக்கம். அந்த ஈரம் வெளியேறும்போது சிமென்டிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து மேலே பூக்க வைக்கும். பழைய சுண்ணாம்புச் சுவர் மூச்சு விட்டது. ஈரம் உள்ளே வந்தாலும் போக வழி இருந்தது. அதன்மேல் பிளாஸ்டிக் தோலை இழுத்து மூடினால் உள்ளே அடைபட்ட ஈரம் பூஞ்சணமாகும். முதலில் மூலையில் ஒரு கொப்புளம், பிறகு இரண்டு தாள் சேரும் இடத்தில் உதடு பிளந்ததுபோல் ஒரு விரிசல். விரலை விட்டு இழுத்தால் பின்னால் கருப்புப் புள்ளிகளும் புழுங்கிய வாசனையும் இருக்கும். சுவரில் இருப்பது பழைய டிஸ்டெம்பர் என்றால் பசை அந்த மாவிலேயே பிடித்து மாவோடு உதிர்ந்துவிடும். எமல்ஷன் அடித்த சுவர் என்றால் நன்றாகப் பிடிக்கும், அதுதான் வினை. உரிக்கும்போது பெயிண்டோடு அடியிலிருக்கும் பட்டியும் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். அன்றைக்கு வீட்டுக்காரர் அட்வான்ஸில் கழிக்கும் தொகைதான் அந்த வால்பேப்பரின் உண்மையான விலை.

உரித்ததை என்ன செய்வது என்றும் யாரும் சொல்வதில்லை. போகிக்குத் தெருமுனையில் கொளுத்தினால் பிவிசி அமிலப் புகையாக மாறும். மாநகராட்சி போகிக்கு முன்பே பழைய பொருள்களைக் கொளுத்தாமல் தங்களிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்வது வீணுக்கு அல்ல.

கைவேலைப் பிரியர்களின் ரகத்தை இரண்டு வரியில் கடந்துவிடலாம். உடைந்த வளையல், ஐஸ் குச்சி, பழைய சிடி ஆகியவற்றில் செய்த மாலைகள் செய்யும்போது தரும் சந்தோஷம் தொங்கவிட்ட பிறகு நிலைப்பதில்லை. டி.டி.கே. சாலைத் தூசி ஒரே வாரத்தில் அவற்றின்மேல் குடியேறும், பின்னால் பல்லி குடியேறும்.

இந்த ஊருக்கென்று ஒரு மலிவுக் கலை இருந்தது. அதற்கு உள் அலங்காரம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. காலண்டர் படத்தை வெட்டி பிரேம் போட்டு மாட்டுவது. 1894-ல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கி, தைல ஓவியத்தின் பளபளப்போடு லட்சுமியையும் சரஸ்வதியையும் அச்சிட்டு விற்கத் தொடங்கியபோது, அரண்மனைச் சுவரில் மட்டும் இருந்த வகைப் படம் சாதாரண வீட்டுக்குள் வந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலையை இன்னும் மலிவாக்கியது சிவகாசி. அதற்குப் படம் வரைந்து கொடுத்தவர்களில் மூத்தவர் சி. கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம் போன்ற அவருடைய சீடர்களின் கையும் சேர்ந்துதான் தமிழ் வீடுகளின் முருகனுக்கும் மீனாட்சிக்கும் இன்றுள்ள முகத்தைக் கொடுத்தது. மளிகைக் கடையும் நகைக் கடையும் இனாமாகக் கொடுத்த தாள் அது. கீழே கடையின் பெயரும் நாள்காட்டியும் இருந்த பகுதியைக் கத்தரித்தால் கண்ணாடியும் சட்டமும் மட்டுமே செலவு.

நவீன ஓவிய ரசிகர்கள் இந்தப் படங்களை மதித்ததில்லை. நகை அளவுக்கு மீறிய பளபளப்பு, எல்லா தெய்வத்துக்கும் ஒரே கன்னம் என்று அவர்கள் சொல்லும் குறைகள் பொய்யல்ல. ஆனாலும் பத்தடி தூரத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்காக நாடகத் திரை எழுதிப் பழகிய கை வரைந்தது என்பதால் இந்தப் படம் சுவரில் நிற்கும். இணையத்தில் இறக்கி அச்சடித்த அருவ வட்டங்களும் ஒற்றை இலைகளும் நாம் பக்கத்தில் போய் நின்றாலும் எதுவும் சொல்வதில்லை.

இதன் குறைகளை நான் மறைக்கவில்லை. அந்த அச்சு மை வெயிலுக்கு ஈடுகொடுக்காது. மேற்குப் பார்த்த ஹாலில் மாட்டினால் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறி, சில வருஷத்தில் லட்சுமியும் கண்ணனைப்போல் நீலமாகிவிடுவாள். அவசரத்துக்குப் போட்ட பிரேமில் படம் கண்ணாடியை நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும். ஈரம் சேர்ந்தால் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது. நடுவே மவுண்ட் அட்டை வைத்துச் சற்று இடைவெளி விடச் சொல்லிக் கேட்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும். எனக்குப் பெரிதாகப் படும் குறை இன்னொன்று. சாமி படம் சுவருக்கு வந்தால் போகாது. வெளிறினாலும், கண்ணாடி உடைந்தாலும், குப்பையில் போட யாருக்கும் மனம் வராது. கோயில் அரசமரத்தடியில் சாத்திவைக்கப்பட்டிருக்கும் படங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இந்தத் தயக்கத்தால் ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாகி, பூஜை அறைக்குள் இருக்க வேண்டியது ஹால் முழுக்கப் பரவிவிடும். அப்போது சுவர் அலங்காரம் என்பது போய், சேர்ந்துபோனவற்றின் வரிசைதான் மிஞ்சும்.

ஆகவே சாமி படம் ஒரு சுவரோடு நிற்கட்டும். மற்றச் சுவர்களுக்கு நான் துணியைச் சொல்வேன். கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கையால் எழுதும் கலம்காரி, கோயில் திருவிழாவுக்கு உருளை வடிவத் தொம்பையும் வாசல் தோரணமான வாசமாலையுமாகத் தொங்கவிடப் பிறந்தது. விழா முடிந்தால் மடித்துப் பெட்டியில் வைப்பார்கள். வாடகை வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மரபு வேறு ஏது? கையால் எழுதிய கலம்காரி சின்னப் பட்ஜெட்டுக்கு எட்டாது, உண்மைதான். கலம்காரி என்ற பெயரில் இயந்திரத்தில் அச்சடித்து விற்கப்படும் துணியை வாங்கி ஏமாறவும் வேண்டாம். தீபாவளித் தள்ளுபடி நேரத்தில் கோ-ஆப்டெக்ஸில் கிடைக்கும் நல்ல கைத்தறிப் படுக்கை விரிப்பு ஒன்று போதும். மேல் ஓரத்தை மடித்துத் தைத்து, அதில் ஒரு திரைக்கம்பியைச் செருகினால் ஆறடிச் சுவர் நிறைந்துவிடும். எடை குறைவு. கண்ணாடி இல்லாததால் விழுந்தாலும் ஆபத்தில்லை. சுவர் மூச்சு விடும். மாதம் ஒருமுறை உதற வேண்டும், நேர் வெயிலில் நிறம் போகும். இவ்வளவுதான் அதன் குறைகள்.

துணி என்றதும் இன்னொரு வரலாறும் நினைவுக்கு வருகிறது. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, நிலம் வாங்கக் கைகொடுத்தது அந்த ஓவியர்கள் செய்து விற்ற பாடிக் துணிகளும் கைவினைப் பொருள்களும்தான். ஓவியம் வாங்க வசதியில்லாதவர்கள் அன்று பாடிக் வாங்கினார்கள். பணிக்கர் முதல்வராக இருந்த பள்ளியும், கொண்டையராஜு படித்த பள்ளியும் ஒன்றே: 1850-ல் தொடங்கி, இன்று பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் அரசு கவின்கலைக் கல்லூரியாக இருப்பது. காலண்டரும் நவீன ஓவியமும் ஒரே வாசலிலிருந்து வெளியே வந்தவை என்பதை நம் ரசனை விவாதங்கள் சௌகரியமாக மறந்துவிடுகின்றன. அங்கே இப்போது படிக்கிற மாணவர்களின் சிறு அச்சோவியத்தையோ கோட்டோவியத்தையோ நேரில் கேட்டு வாங்கினால், பதினாறு ஃபோம் ஷீட்டுக்கு ஆகும் பணத்தின் பக்கத்தில் வந்துவிடக்கூடும். வாங்குகிறவர்களுக்கு அங்கே போகத்தான் தோன்றுவதில்லை. எல்டாம்ஸ் சாலையிலேயே சி.பி. ஆர்ட் சென்டரில் கைவினைக் கண்காட்சிகள் நடக்கின்றன, நடந்தே போய்விடலாம்.

இனி மிஞ்சுவது ஆணி. ஒட்டும் கொக்கி துணிக்கும் சின்னப் படத்துக்கும் சரி. கண்ணாடி போட்ட பெரிய படத்தை, அதுவும் கட்டிலுக்கு மேலே, பசையை நம்பி மாட்டுவது விஷப் பரீட்சை. டிரில் போட்டு பிளக் வைத்த ஒரு துளையைக் காலி செய்யும் நாளில் ஒரு கரண்டி பட்டியால் அடைத்துவிடலாம். உரிந்த சுவரைத் திருப்பிப் பூச நாள் கணக்காகும். துளைக்குத் தடை, ஸ்டிக்கருக்கு அனுமதி என்பது வீட்டுக்காரருக்கே நஷ்டம் தரும் விதி.

சட்டமும் வாடகைக்காரர் நினைப்பதுபோல் முழுக்க எதிராக இல்லை. 2017-ல் நிறைவேறி 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதையும் வீட்டு உரிமையாளர் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது மாதிரியான வேலைகள்தான் வாடகைக்காரருடையவை. எழுத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் கதை மாறும். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையைக் கழிக்கிற பழக்கம், நாம் படிக்காமல் கையெழுத்துப் போடும் அந்த ஒரு வரியில் உட்கார்ந்திருக்கிறது.

அதனால் அலங்காரச் சாமான் வாங்கக் கிளம்பும் முன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், ஹாலில் நான்கு துளை, படுக்கையறையில் இரண்டு, காலி செய்யும்போது அடைத்துத் தரப்படும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பல வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்ளவே செய்வார்கள். இதுவரை அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.