சுலோகத்தில் இல்லாத கை

சாப்பிடும் முன் சொல்லப்படும் சுலோகங்களில் இன்று அதிகம் புழங்குவது ‘பிரம்மார்ப்பணம்’. பகவத்கீதையின் 4ஆம் அத்தியாயத்தில் 24ஆவது சுலோகம் அது. அர்ப்பணிக்கும் செயலும் பிரம்மம், அர்ப்பணிக்கப்படும் பொருளும் பிரம்மம், நெருப்பும் பிரம்மம், அதில் இடுபவரும் பிரம்மம் என்பது அதன் சாரம். கீதையில் இது வேள்வியைப் பற்றிய பேச்சு. உண்பதையே வேள்வியாகவும் வயிற்றை நெருப்பாகவும் கொள்ளும் மரபு அதற்கும் முந்தையது. சாந்தோக்கிய உபநிடதம் ஐந்து பிராணன்களுக்கு ஐந்து கவளம் இடச் சொல்கிறது. அந்த வழியாகத்தான் வேள்விச் சுலோகம் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்தது.

இதை நன்றி சொல்லும் பிரதியாக வாசித்தால் ஒரு சிக்கல் எழுகிறது. நன்றிக்கு இரண்டு பேர் வேண்டும்: கொடுத்தவர் ஒருவர், பெற்றவர் ஒருவர். இங்கே எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன. அதைவிட முக்கியமானது ஓர் இடமாற்றம். வேள்வியில் இடுபவர் கொடுப்பவர். சாப்பாடு வேள்வியானதும் உண்பவரே இடுபவராகிறார். சோற்றைப் பெற்றுக்கொள்பவர், அதைச் சொல்லி முடிக்கும்போது கொடையாளி ஆகிவிடுகிறார். உண்மையில் கொடுத்தவளுக்கு, அதாவது அரிசி களைந்து உலை வைத்தவளுக்கு, அந்தச் சுலோகத்தில் ஒரு சொல்கூட இல்லை.

இதை நான் விடுதியில்தான் மனப்பாடம் செய்தேன். நூறு பேர் கண்ணை மூடிச் சொல்வோம். சமைத்த பெண்கள் வாளியும் கரண்டியுமாக வரிசைக்கு நடுவில் நிற்பார்கள். கண்ணை மூடியிருந்ததால் யாரும் அவர்களைப் பார்த்ததில்லை.

பிராமண வீடுகளில் பரிசேஷணம் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. இலையைச் சுற்றி நீர் தெளித்து, மந்திரம் சொல்லி, முதல் பருக்கைகளைப் பிராணன்களுக்கு இடும் உரிமை பூணூல் போட்டவருக்கு. பரிமாறுகிறவளுக்கு மந்திரம் இல்லை. மனுஸ்மிருதியின் 3ஆம் அத்தியாயம் விருந்தினரும் அண்டியிருப்போரும் உண்ட பிறகு கணவனும் மனைவியும் மிச்சத்தை உண்ணலாம் என்கிறது. 4ஆம் அத்தியாயம் மனைவியோடு சேர்ந்து உண்ணக் கூடாது என்கிறது. நம் வீடுகள் முதலாவதைக் கணவனுக்குத் தள்ளுபடி செய்துவிட்டு, மிச்சத்தை மனைவிக்கு மட்டும் வைத்துக்கொண்டன.

‘எல்லாம் பிரம்மம் என்றால் அவளும் பிரம்மம்தானே’ என்பார்கள். தத்துவத்தில் சரி. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சோறு போடப்பட்டதையும் அதை எதிர்த்து எழுந்த போராட்டத்தையும் தமிழ்நாடு மறக்கவில்லை. தத்துவத்தில் ஒன்றாக இருப்பதும் பந்தியில் ஒன்றாக இருப்பதும் வேறு வேறு. அன்னபூரணியைக் காட்டுவார்கள், சிவனே அவளிடம் பிச்சை கேட்கிறாரே என்பார்கள். அவள் படத்தைப் பாருங்கள். கையில் பாத்திரம் இருக்கிறது, கரண்டி இருக்கிறது. அவள் முன்னால் இலை இல்லை.

கீதையின் 3ஆம் அத்தியாயத்தில் இன்னொரு சுலோகம், தனக்காக மட்டும் சமைப்பவர் பாவத்தை உண்கிறார் என்கிறது. பகிராமல் உண்பவரைக் கண்டிக்கும் நல்ல அறம் அது. ஆனால் நம் பெண்களிடம் அது எப்படி வந்து சேர்ந்திருக்கிறது? வீட்டில் யாரும் இல்லாத நாளில் ‘எனக்கு மட்டும்தானே’ என்று பழைய சோற்றில் மோரை ஊற்றிக்கொள்ளும் பெண்களை நாம் அறிவோம். தன் ஒருத்திக்காக அடுப்பு மூட்டுவது அவளுக்கே குற்றமாகத் தோன்றுகிறது.

ஜப்பானிய ஜென் மடங்களில் உணவுக்கு முன் ஐந்து சிந்தனைகள் சொல்வார்கள். இந்த உணவு வந்து சேர எவ்வளவு உழைப்பு ஆனது என்று எண்ணிப் பார்ப்பது அவற்றில் முதலாவது. உழைப்பிலிருந்து தொடங்கும் இந்த நன்றி எனக்குப் பிடிக்கிறது. தோகென் என்ற குரு 1237இல் மடத்துச் சமையல் பொறுப்பாளருக்கென்றே ஒரு நூல் எழுதினார். அரிசி களைவதும் தியானமே என்பது அவர் நிலைப்பாடு. ஆனால் அந்தச் சமையல்காரர் ஒரு துறவி, ஆண். அவருக்கு அது பதவி, ஆன்மீகப் பயிற்சி. அதே அரிசியை வீட்டில் களைபவளுக்கு அது ‘இயல்பு’. இயல்புக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். இதற்குக் காரணங்கள் பல. ஆனால் எந்தத் தட்டில் என்ன விழுகிறது என்பதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட முடியாது.

சுலோகத்தை விட்டுவிடச் சொல்வது என் நோக்கமல்ல. விரும்புகிறவர்கள் சொல்லட்டும். ஆனால் எல்லா இலையும் போடப்பட்ட பிறகு சொல்லட்டும். சமைத்தவளும் உட்கார்ந்த பிறகு, அவளும் சேர்ந்து சொல்லட்டும். கண்ணைத் திறந்துகொண்டு சொன்னால் இன்னும் நல்லது. யார் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரியும்.