வெளிச்சத்தின் மேல் வெளிச்சம்

மல்ட்டிபிள் எக்ஸ்போஷர் படத்தின் முன்னால் வந்து நின்று, “ரெண்டு படத்தைச் சேர்த்து ஒட்டியிருக்காங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஐந்து நிமிடம் நில்லுங்கள், போதும்.

அடிப்படை சின்னதுதான். ஃபிலிமை நகர்த்தாமல் ஒரே ஃபிரேமில் திரும்பத் திரும்ப எடுக்கிறோம். விழுந்த வெளிச்சம் கூடுமே தவிரக் குறையாது. அதனால் இரண்டு முறை எடுத்தால் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டாப் குறைத்து, வெளிச்சத்தைப் பாதியாக்க வேண்டும். நான்கு முறை என்றால் இரண்டு ஸ்டாப். முதல் படத்தின் இருட்டில் அடுத்த படம் பளிச்சென்று ஏறும். வெளுத்த இடத்தில் ஒன்றும் ஏறாது. பாடம் முடிந்தது.

இனிதான் விஷயம். வெளிச்சம் வெளிச்சத்தோடு கலக்கிறதா, இல்லையா? எந்தப் படத்திலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். பழைய இரட்டை வேடக் காட்சிகளை நினைத்துப் பாருங்கள். லென்ஸின் ஒரு பாதியை மறைத்து அண்ணனை எடுப்பார்கள். ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியை மறைத்துத் தம்பியை எடுப்பார்கள். இரண்டு வெளிச்சமும் சந்திப்பதே இல்லை. சந்தித்துவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

2014இல் ‘ட்ரூ டிடெக்டிவ்’ தொடரின் டைட்டில் காட்சிகள் வந்த பிறகு பெருகிப்போன போஸ்டர்களும் கல்யாண ஆல்பங்களும் இந்த வகைதான். வெள்ளை வானத்துக்கு எதிரே கறுப்பாக ஒரு முகம், அதற்குள்ளே ஒரு காடு. அந்த முகத்தின் கறுப்பு வெறும் மாஸ்க். காட்டை எடுத்துவிட்டு ரயிலை வைத்தாலும் படம் அப்படியே நிற்கும். இது மேலோட்டமான வேலை. இதையும் நல்ல படத்தையும் சேர்த்து “கனவு போல” என்று எழுதிவிடும் விமர்சகர்கள் இரண்டையுமே பார்க்கவில்லை.

வெளிச்சம் கலப்பதைப் பார்க்க, புகைப்படக் கலைஞர் ஹாரி காலஹனிடம் போங்கள். டெட்ராய்ட்டில் தானாகக் கற்றுக்கொண்டு, 1946 முதல் சிகாகோவில் பாடம் நடத்தியவர். அவர் ஒரே மரத்தை, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒரே ஃபிரேமில் பலமுறை எடுத்தார். இலையுதிர்ந்த கிளைகள் பென்சில் கோடுகள் போல மங்கித் தெரியும். ஏன் மங்கின? ஒருமுறை கிளை இருந்த இடத்தில் அடுத்தமுறை வானம் வந்து வெளிச்சத்தைக் கொட்டிவிட்டது. எத்தனை முறை எடுத்தும் வெளிச்சமே விழாத இடம் மட்டும்தான் முழுக் கறுப்பாகத் தங்கும்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், நான் பார்க்கும் முறை இதுதான். முதலில் படத்தின் ஆகக் கறுத்த புள்ளியைத் தேடுவேன். அங்கிருந்து ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு, அது சாம்பலாகி, வானத்தில் கரைகிற வரைக்கும் போவேன். பிறகு இன்னொரு கிளை. மரத்தை அடையாளம் கண்டுகொள்ள அவசரப்படாதீர்கள். அச்சுப் படம் கிடைத்தால் அதிலேயே பாருங்கள். அந்த மெல்லிய சாம்பல்களை செல்போன் திரை பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது.