கால் தெரியும் பேய்

பேய்ப் படங்களுக்கு இலக்கிய ஏட்டில் என்ன வேலை என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். கலிங்கத்துப் பரணி பாடிய சயங்கொண்டாருக்கு இலக்கியத்தில் இடமுண்டெனில் இவற்றுக்கும் ஒரு மூலை உண்டு என்பதே நம் விடை.

குறைந்த செலவில் மாயாஜாலப் படம் எடுப்பதில் பெயர் பெற்றவர் விட்டலாச்சாரியா. ஊதியத்தின் பொருட்டு நடிகர் முரண்டினால், அவரைக் கிளியாகச் சபித்துவிட்டு எஞ்சிய படத்தை முடித்துவிடுவார் என்றொரு கதை அவரைப் பற்றித் திரையுலகில் உலவுவதுண்டு. 1978-இல் அவர் தெலுங்கில் எடுத்த 'ஜகன்மோகினி' தமிழ் பேசியும் நம் ஊர்களுக்கு வந்தது. அதில் பெண்ணுருக் கொண்டு வீட்டினுள் புகுந்த பேய், விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் நீட்டிச் சமைக்கிறது!

திருவண்ணாமலையைச் சூழ்ந்த சிற்றூர்களில் டூரிங் கொட்டகைகள் இருந்த நாளில், இத்தகைய காட்சிகளுக்கு மணல் தரையில் அமர்ந்தோர் அலறுவர். அலறல் ஓயுமுன் சிரிப்பர். முதற் சிரிப்பு பெரும்பாலும் பெண்கள் பக்கத்திலிருந்தே எழும். அடுப்பின் பாட்டை அறிந்தவர்கள் அவர்களன்றோ!

இச்சுவை புதிதன்று. 12ஆம் நூற்றாண்டுப் பரணியிலே பேய்கள் யானைக் கொம்பால் பல் விளக்கிப் போர்க்களத்தில் கூழ் அடுகின்றன. அச்சமும் நகையும் அங்கே ஒரே பானையில் வேகின்றன. அரபியரும் பாலையில் வழிப்போக்கரை மயக்கும் 'கூல்' என்னும் பேயைப் பற்றிக் கதை சொன்னார்கள். அது எவ்வுருவும் எடுக்குமாம். ஆயினும் கால் மட்டும் கழுதைக் குளம்பாகவே நின்று அதைக் காட்டிக் கொடுத்துவிடுமாம்.

மலிவான பேய்ப் படத்தின் அழகும் இதுவே. அதன் கால் எப்போதும் வெளியே தெரிகிறது. தந்திரக் காட்சியின் ஒட்டு தெரிகிறது. முகமூடியின் விளிம்பு தெரிகிறது. 'இது விளையாட்டு' என்று படமே சொல்லிவிடுகிறது. 2009-இல் அதே பெயரில் வந்த தமிழ்ப் படத்தில் கணினி வித்தை கூடியது. அந்தச் சிரிப்போ கூடவில்லை.

இப்படங்களில் குறையே இல்லை என்று நாம் கூறவில்லை. பேயைக் காட்டும் சாக்கில் பெண்ணுடலைக் காட்டும் ஆட்டங்கள் அவற்றில் மலிந்துள்ளன. குடும்பத்தோடு பார்க்கத் தகுந்த நகைச்சுவையை அவை கெடுத்தன, கண்டிக்கத்தக்கவையே. ஆயினும் பிள்ளைகள் மனத்தில் பேய் நம்பிக்கையை வளர்த்தன என்னும் குற்றச்சாட்டை நாம் ஏற்பதற்கில்லை. அடுப்பில் கால் நீட்டும் பேயை எந்தப் பிள்ளை மெய்யென்று நம்பும்?

அஞ்சத்தக்கது கால் தெரியாத பேய். 'உண்மை நிகழ்ச்சி' என்ற முத்திரையோடு இன்று வரும் படங்கள் சில, அச்சத்தை விளையாட்டாக அன்றி மெய்யாகவே விற்கின்றன. அத்தகைய அச்சம் வீட்டுக்குள் புகுந்தால் மனநோய்க்குப் பேய் என்று பெயரிடுகிறது. மருத்துவரை விலக்கிப் பேயோட்டுவோரை அழைக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடிக் காப்பகமொன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர்கள் தப்பியோட இயலாமல் மாண்டனர். உயிரிழந்தோர் 28 பேர். அவர்களைக் கொன்றது எந்தப் பேயும் அன்று.

ஆகவே, நம் பிள்ளைகள் பழைய பேய்ப் படமொன்றைக் கண்டு சிரித்தால் பெற்றோர் கடிந்துகொள்ள வேண்டா. பேயின் காலைப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, பின்னாளில் பேயோட்டுபவனின் கையையும் பார்க்கும்.