லூயிஸ் ஹைனின் நூற்பாலைப் படங்கள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில் இருந்த பிப் நூற்பாலையில், 1909 ஜனவரியில், குழந்தை உழைப்பை எதிர்த்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவின் பொருட்டுப் புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் எடுத்த ஒரு படத்தில், அறுந்த இழையை இணைக்கவும் நூல் சுற்றும் காலி பாபின்களை மாற்றவும் உயரம் போதாத சிறுவர்கள், நூற்பு இயந்திரத்தின் மீதே ஏறி நிற்கிறார்கள். அவர்களுள் ஒருவனுக்குக் காலில் செருப்புக்கூட இல்லை.

வரிசை வரிசையாய் நீண்டு தூரத்தில் குறுகிச் செல்லும் பாபின்களின் கம்பீரத்தை மறைக்காமல், அந்தக் கம்பீரத்தையே குழந்தையின் சிறுமைக்கு அளவுகோலாக்கிய ஹைனின் கலாஞானம் அபூர்வமானது. இயந்திரங்களைப் படமெடுக்க வந்தவர் என்று சொல்லிச் சில ஆலைகளில் பிரவேசித்து, தமது கோட்டுப் பொத்தான்களைக்கொண்டு குழந்தைகளின் உயரத்தைக் கணித்து, பைக்குள் மறைத்த குறிப்பேட்டில் விவரங்களை ரகசியமாகக் கிறுக்கிக்கொண்ட அம்மனிதர், பார்ப்பவரிடம் இரக்கத்தை யாசிக்கவில்லை. குழந்தைகளை நிமிர்ந்து நிற்கவைத்து, அவர்கள் கண்கள் நேரே நம்மை நோக்கும்படி செய்தார்.