செலோவும் கண்டிய மேளமும்: ஒரு சமூகவியல் நோக்கு

கலைஞனின் மேதைமையைத் தனிமனித ஆற்றலின் விளைவாக மாத்திரம் காண்பது கருத்துமுதல்வாத விமரிசனத்தின் மரபாகும். அவனது வர்க்கப் பின்னணியைச் சுட்டிக்காட்டியதோடு அவன் கலையை ஒதுக்கிவிடுவது இயந்திரப் பாங்கான மார்க்சியத்தின் குறைபாடாகும். செலோக் கலைஞர் ரொஹான் டி சேரத்தை (1939–2024) மதிப்பிடும்போது இவ்விரண்டையும் நாம் தவிர்த்தல் வேண்டும்.

இங்கிலாந்தின் ஷெபீல்டில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்து கொழும்பில் வளர்ந்த சேரம், சிறுவயதிலேயே இத்தாலியில் கஸ்பர் கசாடோவிடமும் பின்னர் பப்லோ கசால்ஸிடமும் பயின்றார். 1960இல் நியூயோர்க் பில்ஹார்மொனிக் வாத்தியக் குழுவுடன் கார்னகி மண்டபத்தில் வாசித்தார். ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் ஆர்டிட்டி நால்வர் குழுவில் இருந்து சமகால இசையாக்கங்களை அரங்கேற்றினார். ஆங்கிலங்கற்ற கொழும்பு மேற்குடிக்கே இத்தகைய பயிற்சி அன்று எட்டக்கூடியதாயிருந்தது. மாம்புரிக் கரையின் மீனவச் சிறுவனுக்கு அது கனவிலும் எட்டாதது.

ஆயினும் சேரம் இளமையில் கண்டிய மேளத்தையும் கற்றார். இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ 2002இல் அவருக்கென ஆக்கிய ‘சீக்குவென்ஸா 14’ இல் அம்மேளத்தின் தாளம் இடம்பெறுகிறது. வில்லுக்குரிய செலோவின் உடல் அங்கே கைகளால் தட்டப்பட்டு மேளமாகிறது. இதனை வெறும் ஒலிப்புதுமையாகக் கொள்ளலாகாது. கண்டிய மேளம், நிலவுடைமைச் சமுதாயத்தில் சாதியடிப்படையிலான ஊழியத்துக்குக் கட்டுண்ட பெரவ மக்கள் தலைமுறைகளாகக் காத்த கலை. இசையாக்கத்தில் பெரியோவின் பெயர் நிலைக்கிறது. சேரத்தின் பெயரும் நிலைக்கிறது. மேளகாரரின் உழைப்போ ‘கண்டியத் தாளம்’ என்ற பெயரற்ற பொதுமையுள் மறைகிறது. இக்குறை சேரத்தினுடையதன்று, உழைப்பை அதன் பயனிலிருந்து பிரிக்கும் உற்பத்தியுறவுகளினுடையது. உலக அரங்கில் அம்மேளத்தைச் செலோவுக்கு நிகராக நிறுத்தியமையே சேரத்தின் சாதனையென நாம் கருதுகிறோம்.

தாளத்தின் தோற்றுவாய் கூட்டுழைப்பே என்பார் ஜோர்ஜ் தொம்சன். கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல்கள் அதற்குச் சான்று. உழவு இயந்திரம் வலையிழுக்கும் இடங்களில் அப்பாடலுக்குத் தொழிற்றேவை அற்றுவிடுகிறது. அதனை நாட்டாரியற் சேகரிப்பாக மாத்திரம் பேணுதல் போதாது. புத்தளக் கரையோரப் பிள்ளைகள் இசைக்கல்வி பெற்று, தம் உழைப்பின் தாளத்தைத் தம் பெயராலேயே அரங்கேற்றும் நிலை தோன்றவேண்டும். சேரத்தின் வாழ்வு நம்முன் வைக்கும் கோரிக்கை அதுவே.