பழைய அச்சும் புதிய பெட்டியும்

பழைய நூலொன்று மீண்டும் அச்சேறி வருங்கால், திறனாய்வாளர் எழுப்பும் முதல் வினா அஃது எந்த மூலத்தைத் தழுவியது என்பதாகும். மூலத்தைக் கூறாத பதிப்பு எத்துணை அழகிய அட்டையோடு வந்தாலும் கற்றோரிடை மதிப்புப் பெறுவதில்லை. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பாட வேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டிச் சென்ற நெறியைத் தமிழாசிரியர் நன்கறிவர். அதே வினாவை நூலல்லாத பொருளின்மீதும் எழுப்பலாம். அமெரிக்கப் பழங்கார்களின் பிளாஸ்டிக் மாதிரித் தொகுதிகள், முதலில் வெளிவந்து ஐம்பது அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னர், இன்று மறுபடியும் விற்பனைக்கு வருகின்றன. பெட்டியின்மேல் பழைய ஓவியம். உள்ளே ஒட்டிச் சேர்க்க வேண்டிய பழைய உறுப்புகள். இவை எதன் மறுபதிப்பு? காரின் மறுபதிப்பா, அல்லது அக்காரைப் பார்த்து என்றோ செய்யப்பட்ட விளையாட்டுப் பொருளின் மறுபதிப்பா? இவ்வினாவுக்கு விடை காணாமல் இத்தொகுதிகளைப் போற்றுவதும் தூற்றுவதும் பயனற்றவை.

அமெரிக்கர் இக்கார்களை ‘மசல் கார்’ என்பர். தோள்வலி மிக்க கார் என்பது அதன் கருத்து. நடுத்தர உடலில் பெரிய காருக்குரிய எஞ்சினைப் பொருத்தி, இளைஞர் வாங்கத்தக்க விலையில் விற்பதே அதன் சூழ்ச்சி. 1964ஆம் ஆண்டுக்குரிய போண்டியாக் ஜி.டி.ஓ. இவ்வகைக்கு வழிகாட்டியாகப் பெரும்பாலோரால் கொள்ளப்படுகிறது. அந்த அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாதென ஜெனரல் மோட்டார்ஸ் விதித்திருந்த வரம்பை, 389 கன அங்குல எஞ்சினை விருப்பப் பொருளாக அறிவித்துப் போண்டியாக் பொறியாளர் தாண்டினர். முதலாண்டிலேயே 32,450 கார்கள் விற்றன. பிற நிறுவனங்களும் இப்போட்டியில் இறங்கின. ஆயினும் அந்த ஆரவாரம் பத்தாண்டு நிலைக்கவில்லை. காப்புறுதிக் கட்டணம் ஏறியது. 1970இல் தூய காற்றுச் சட்டம் வலுப்பெற்றது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. பிளிமத் என்னும் வணிகப் பெயர் 2001இலும் போண்டியாக் 2010இலும் மறைந்தன. இன்று ‘போண்டியாக்’ என்னும் சொல் புதிதாக அச்சாகும் இடங்களுள் மாதிரித் தொகுதியின் பெட்டியும் ஒன்று.

இத்தொகுதிகளின் பிறப்பிடம் கார்களின் பிறப்பிடமாகிய டெட்ராய்ட் வட்டாரமே. 1948இல் தோன்றிய ஏ.எம்.டி. நிறுவனம், கார் விற்பனையாளர் வாடிக்கையாளருக்குக் காட்டவும் கொடுக்கவும் வேண்டிய சிறு விளம்பர மாதிரிகளைச் செய்து தந்தது. முதன் மாதிரிகள் அலுமினியத்தால் ஆனவை. பின்னரே பிளாஸ்டிக் வந்தது. 1958இல் அதே அச்சுகளைக் கொண்டு, சிறுவர் தாமே ஒட்டிச் சேர்க்கும் தொகுதிகளை அது வெளியிட்டது. தொழிற்சாலையில் வந்தபடியோ, தன் விருப்பப்படி அணிசெய்தோ, பந்தயக் காராகவோ ஒரே தொகுதியை மூவகையில் கட்டலாம். ஜோஹான், எம்.பி.சி. ஆகியனவும் அதே வட்டாரத்தில் இத்தொழிலை வளர்த்தன. இம்மூன்றும் பெரும்பாலும் கைக்கொண்ட அளவு 1/25. 208 அங்குல நீளமுள்ள 1969ஆம் ஆண்டு டாட்ஜ் சார்ஜர் இவ்வளவில் எட்டேகால் அங்குலத்துக்குச் சற்றே கூடும். சிகாகோ வட்டார மோனோகிராம் விரும்பியது 1/24. இரு நிறுவனச் சார்ஜர்களை ஒரே அலமாரியில் வைத்தால் மூன்றிலொரு பங்கு அங்குலம் இடிக்கும். ஆர்வலர் இதனால் கொள்ளும் மனவருத்தம் கொஞ்சமன்று!

விளம்பரத்துக்குப் பிறந்தவை என்னும் இச்செய்தியிலேதான் மறுபதிப்புச் சிக்கலின் வேர் உள்ளது. வார்ப்பச்சு உருக்கினால் ஆவது. பெரிய அளவில் செதுக்கிய மரமாதிரியின்மேல் ஒரு முனையை ஓட்டினால், மறுமுனை அதே வடிவைக் குறுக்கி உருக்கில் வெட்டும் பேண்டோகிராஃப் என்னும் கருவியால் அக்காலத்தில் அச்சுகள் உருவாயின. செலவு மிகுந்த பணி அது. டெட்ராய்ட் நிறுவனங்களோ ஆண்டுதோறும் காரின் முகத்தை மாற்றின. 1966ஆம் ஆண்டு ஜி.டி.ஓ.வுக்கும் 1967ஆம் ஆண்டு ஜி.டி.ஓ.வுக்கும் முன்கிராதி வேறு, பின்விளக்கு வேறு, எஞ்சினும் 389இலிருந்து 400 கன அங்குலமாயிற்று. இவ்வாறு கார் மாறும்போதெல்லாம் புதிய அச்சுச் செய்வதினும் இருக்கும் அச்சையே வெட்டித் திருத்துவது மலிவு. எனவே பல அச்சுகள் ஆண்டுக்காண்டு திருத்தப்பட்டன. உருக்கில் ஒருமுறை வெட்டியதை மீண்டும் பழைய வடிவுக்குக் கொணர்வது அரிது. புதிய ஆண்டின் வடிவு பிறந்தபோதே பழைய ஆண்டின் வடிவு அழிந்தது. விற்பனை தளர்ந்த சில அச்சுகளில் சக்கர வளைவுகளை அகல வெட்டிப் பந்தயக் காராக்கினர். ஒரே ஏட்டைச் சுரண்டிச் சுரண்டி மேலெழுதியது போன்றது இது. கடைசியாக எழுதியதே எஞ்சும்.

ஆகவே, பழைய அச்சிலிருந்து இன்று வார்த்தெடுக்கும் தொகுதி, அவ்வச்சு கடைசியாக எந்நிலையில் விடப்பட்டதோ அந்நிலையையே காட்டும். பெட்டியின் ஓவியம் வேறொன்றைக் காட்டலாம். குற்றம் பழைய அச்சில் இல்லை. ஓவியத்துக்கும் உள்ளுறுப்புக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவதிலேதான் இருக்கிறது.

அச்சுகள் கைமாறிய கதையும் இதனோடு சேர்ந்தது. ஏ.எம்.டி. 1978இல் ஆங்கில நிறுவனமாகிய லெஸ்னியிடம் சென்றது. பின்னர் அதுவும் எம்.பி.சி.யும் அயோவா மாநிலத்து எர்ட்ல் நிறுவனத்தில் ஒன்றுசேர்ந்தன. இன்று இவ்விரு பெயர்களிலும் வெளியிடுவது இந்தியானா மாநிலத்து ரவுண்ட் 2. மோனோகிராமும் கலிபோர்னிய ரெவெலும் 1986இல் இணைந்தன. அதனால் மோனோகிராம் வெட்டிய அச்சுகள் இன்று ரெவெல் பெயரில் வருகின்றன. பெட்டியிலுள்ள பெயரை நம்பி அச்சின் பரம்பரையை உணர இயலாது.

பழைய அச்சின் தொகுதியைத் திறந்து பார்ப்பவர் முதலில் காண்பது பிசிர். அச்சின் பாகங்கள் தேய்ந்து இடைவெளி கண்டவுடன், உருகிய பிளாஸ்டிக் அவ்விடைவெளியில் கசிந்து மெல்லிய தோலாக நிற்கும். உடற்பகுதியின் பக்கங்களில் அச்சுப்பாகங்கள் சந்தித்த இணைவரி மேடாக ஓடும். அடிச்சட்டத்தைப் புரட்டினால் புகைக்குழாய் தனியுறுப்பாக இன்றிச் சட்டத்தோடே சேர்ந்து வார்க்கப்பட்டிருக்கும். எல்லாவற்றினும் வியப்புக்குரியது, சில பழைய தொகுதிகளில் முன்சக்கரங்களை இணைக்கும் உலோகக் கம்பி எஞ்சினின் ஊடாகவே துளைத்துச் செல்வது. எந்தக் காரின் எஞ்சினுக்கும் இத்தகைய துளை இல்லை. சக்கரம் உருள வேண்டும் என்று சிறுவன் விரும்பினான்; அவன் விருப்பத்துக்கு எஞ்சின் இடங்கொடுத்தது.

இத்துளையைப் பற்றி இரு சாரார் இரு வகையாகப் பேசுவர. பிழை மலிந்த பழம்பொருளுக்குப் புதுவிலையா என்று ஒரு சாரார் வெகுள்வர். இளமையில் பார்த்த துளை அப்படியே இருக்கிறதே என்று மற்றவர் உருகுவர். முன்னவர் இதனைக் காரின் பதிப்பாகக் கொண்டனர். பின்னவர் பொம்மையின் பதிப்பாகக் கொண்டனர். பின்னவர் கொள்கையே பொருந்துவது. காரின் உண்மை வடிவை நாடுவோர்க்குப் பிற்காலத்தில் நுணுக்கமாக வெட்டப்பட்ட தொகுதிகள் உள்ளன. 1960களின் அச்சைத் தேடி வாங்குவோர் நாடுவது 1960களின் தொகுதியையே. ஆனால் உருகுவோரின் வாதமும் முழுமையன்று. பொம்மைக்கு உண்மையாக இருப்பதே நோக்கமெனின், அவ்வுண்மையில் நேர்ந்த மாற்றங்களையும் அவர்கள் கணக்கிட வேண்டும். அதை அவர்கள் செய்வதில்லை.

மாற்றங்கள் பல. சில மறுவெளியீடுகளில் சக்கரப் பட்டையின் பக்கத்திலிருந்த நிறுவனப் பெயர், உரிமச் சிக்கலால் நீக்கப்பட்டது. பின்னர் உரிமம் பெற்று வெள்ளையெழுத்தில் அச்சிட்டுத் தந்தனர். நீரில் நனைத்து ஒட்டும் படத்தாள் பழையதைவிடப் பெரிதாகவும் தெளிவாகவும் இன்று வருகிறது. இவற்றை நன்மை எனலாம். ஆசிரியர் கருதத்தக்க இழப்பு வேறு. பழைய செய்முறைத் தாள்கள் உறுப்புகளைப் பெயர் கூறி அறிமுகப்படுத்தின. இது கார்புரேட்டர், இது மின்கலம், இது குளிர்விப்பான் என்று படித்துப் படித்தே ஒட்டினான் சிறுவன். பத்து வயதில் எஞ்சினின் சொல்வளம் அவன் நாவில் குடியேறிற்று. பிற்கால வெளியீடுகள் சிலவற்றில், பன்மொழி நாடுகளுக்கும் ஒரே தாள் போதும் என்னும் சிக்கனத்தால் பெயர் போய் எண்ணும் அம்புக்குறியுமே எஞ்சின. பதினேழாம் எண்ணை இருபத்தொன்றாம் எண்ணோடு ஒட்டியவன் ஒரு காரை முடித்திருக்கலாம். காரைப் பற்றி ஒன்றும் கற்றிருக்க மாட்டான். துளையைக் குறை கூறிய திறனாய்வுகளில் இவ்விழப்பைக் குறை கூறியவை மிகச் சில.

மற்றொரு மாற்றம் இதனினும் ஆழமானது. 1979 முதல் 1985 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய ‘த டியூக்ஸ் ஆஃப் ஹசார்ட்’ தொடரில் ‘ஜெனரல் லீ’ எனப் பெயரிட்ட ஆரஞ்சு நிற 1969 சார்ஜர் இடம்பெற்றது. பெயர், உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையை நடத்திய தளபதியுடையது. கூரைமேல் தீட்டியது அப்படையின் போர்க்கொடி. எம்.பி.சி. அக்காரின் தொகுதியை வெளியிட்டது. பிள்ளைகள் அக்கொடியைக் கூரையில் ஒட்டி மகிழ்ந்தனர். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட மாநிலங்களின் கொடி அது என்பதைப் பெட்டி கூறவில்லை. 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் கறுப்பின மக்கள் ஒன்பதின்மர் வெள்ளையின வெறியன் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அம்மாதமே, கொடியுள்ள ஜெனரல் லீ பொம்மைகளுக்கு இனி உரிமம் இல்லை என்று வார்னர் பிரதர்ஸ் அறிவித்தது.

வரலாற்றை அழிக்கின்றனரே என்று அன்று பலர் கூவினர். அவர்கள் கூற்று நிலைபெறாது. விளையாட்டுப் பொருளின் மறுவெளியீடு ஆவணப் பதிப்பன்று. அது மீண்டும் ஒரு பிள்ளையின் கையில் கொடுக்கப்படுவது. பழைய பெட்டிகள் சேகரிப்போரிடம் உள்ளன; வரலாறு ஆங்கே அழியாது இருக்கிறது. எனினும் கொடியை நீக்குவோரும் மௌனமாக நீக்குதல் தகாது. இன்ன காரணத்தால் இது விடப்பட்டது என ஒரு வரி அச்சிட்டால், அவ்வரியே நல்ல பாடமாகும்.

அண்மை ஆண்டுகளில் ரவுண்ட் 2 வேறொரு வழியையும் கண்டுள்ளது. அச்சு அழிந்துபோன தொகுதிகளுக்கு, ஒட்டப்படாமல் எஞ்சிய பழைய தொகுதியொன்றைத் தேடிப் பெற்று, உறுப்புறுப்பாக அளந்து, புதிய அச்சு வெட்டுகின்றனர். காரை அளக்கவில்லை, பொம்மையை அளக்கின்றனர். புதிய அச்சு என்று விளம்பரத்திலும் தெரிவிக்கின்றனர். மறுபதிப்பு என்னும் சொல்லுக்கு முழுத் தகுதி பெற்றவை இவையே.

கட்டுவதற்கென்றே செய்த தொகுதியை உறை பிரிக்காமல் பரணில் அடுக்கி வைப்போரை ஆசிரியர் உலகம் எளிதில் மன்னிக்காது. கையால் செய்து கற்க வேண்டியதைக் கண்ணால் பார்க்கும் செல்வமாக்கிவிட்டனர் என்பது நேரிய குற்றச்சாட்டே. ஆயினும் 1960களில் வாங்கிய சிறுவர் அனைவரும் தத்தம் தொகுதிகளை ஒட்டி, உருட்டி, உடைத்திருந்தால் இன்று அளந்தெடுக்க மூலம் ஒன்றும் எஞ்சியிராது. எவனோ ஒருவன் கட்டாமல் விட்ட பெட்டியிலிருந்தே இன்றைய சிறுவன் கட்டுவதற்குரிய கார் வருகிறது.